பௌர்ணமியை மறந்த வானியல்காரி

“இன்னிக்குப் பௌர்ணமின்னு உனக்குத் தெரியாதா?”

கேட்டவள் என் அக்கா கஸ்தூரி. கையில் எலுமிச்சம்பழம் பிழிகிற கட்டை. குரலில் கோபம்கூட இல்லை, நிஜமான ஆச்சரியம். வாசலில் அவள் ஜூஸ் கடைக்கு ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தவரும் நிமிர்ந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

பிறந்து வளர்ந்தது அடி அண்ணாமலை. எங்கள் வீட்டு வாசலே கிரிவலப் பாதை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான ஜனம் எங்கள் வாசலைத் தாண்டித்தான் மலையைச் சுற்றிப் போகும். அப்படிப்பட்ட ஊர்க்காரி, அதுவும் வானியல் படித்து அதிலேயே சோறு தின்கிறவள், காலண்டரைப் பார்க்காமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கியிருக்கிறேன்.

“வானத்தைப் படிச்சவளாம், நிலா எப்பன்னு தெரியலையாம். வெளிய சொன்னா சிரிப்பாங்கடி,” என்றாள் அக்கா.

சொன்னாள். மத்தியானத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். ஜூஸ் குடிக்க வந்தவர்களிடமெல்லாம், “அதோ உக்காந்திருக்கா பாருங்க, அவதான்,” என்று அடையாளம் வேறு காட்டினாள்.

நிலாவுக்கும் எனக்கும்

என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள்.

வானியல்காரர்களில் இரண்டு கூட்டம் உண்டு. ஒரு கூட்டம் தொலைநோக்கி வைத்து வானத்தைப் பார்ப்பவர்கள். அவர்களுக்கு நிலாதான் எமன். பௌர்ணமி வெளிச்சத்தில் மங்கலான எதுவும் கண்ணில் படாது. அதனால் அமாவாசை எப்போது என்று காலண்டரும் கையுமாக அலைவார்கள். நான் இன்னொரு கூட்டம். நாங்கள் வானத்தை அண்ணாந்தே பார்ப்பதில்லை.

எங்கள் வேலை ஈர்ப்பு அலைகளோடு. எங்கோ தொலைவில் கனத்த பொருள்கள் இரண்டு ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வந்து மோதும்போது விண்வெளியே நடுங்குகிறது. அந்த நடுக்கம் பயணம் செய்து பூமியையும் கடந்து போகிறது. உங்களையும் என்னையும் ஊடுருவித்தான் போகிறது, நமக்குத் தெரிவதில்லை. அதைப் பிடிக்கக் கிலோமீட்டர் கணக்கில் நீளமான குழாய்களைக் கட்டி, முனையில் கண்ணாடி வைத்து, லேசரால் இடைவிடாமல் அளந்துகொண்டே இருக்கிறார்கள். டிடெக்டர் என்போம். அலை கடக்கும்போது அந்த நீளம் அணுவின் கருவைவிடச் சிறிய அளவுக்குக் கூடிக் குறையும். அவ்வளவுதான் தடயம்.

இத்தனை நுட்பமாக அளக்கப் போனால் என்ன ஆகும்? லாரி போனால் ஆடும். காற்று அடித்தால் ஆடும். தூரத்துக் கடலில் அலை புரண்டாலும் ஆடும். காரணமே தெரியாமல் ‘டப்’பென்று ஒரு சத்தம் வந்து விழும். என் வேலையில் முக்கால்வாசி இந்த இரைச்சலைப் பெருக்கித் தள்ளுவதுதான்.

“அவ்ளோ படிச்சிட்டுப் போய் அங்கயும் பெருக்குற வேலைதானா?” என்று அக்கா ஒருமுறை கேட்டாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

கெட்டியா, தளர்வா?

பெருக்கிவிட்டு நான் தேடுவது நியூட்ரான் நட்சத்திரங்களை. பெரிய நட்சத்திரம் ஒன்று வெடித்துச் செத்த பிறகு மிஞ்சுகிற உருண்டை அது. எடை நம் சூரியனைவிட ஜாஸ்தி. குறுக்களவோ ஏறக்குறைய திருவண்ணாமலைக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் உள்ள தூரம்தான். அதிலிருந்து இரண்டு மூன்று ஸ்பூன் வழித்து எடுத்தால் நம் மலையின் எடை இருக்கும்.

அதற்குள்ளே பொருள் எந்தப் பதத்தில் இருக்கிறது என்பது இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது. இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதுவதற்குச் சற்று முன் ஒன்றையொன்று இழுத்து நசுக்கும். எவ்வளவு நசுங்கின என்பது அலையின் கடைசிப் பகுதியில் பதிந்திருக்கும். சப்பாத்தி மாவை விரலால் அழுத்திப் பார்த்துப் பதம் சொல்வோமே, அந்த வேலைதான். இதற்காகத்தான் கல்யாணப் பேச்சையெல்லாம் தள்ளித் தள்ளிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பெங்களூரில் நான் பேசிய முதல் பெரிய கூட்டத்துக்கு அக்காவை அழைத்துப் போனேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். நான் இரண்டாவது படத்தைப் போடுவதற்குள் தூங்கிவிட்டாள். கடைசியில் எல்லோரும் கைதட்டியதும் விழித்துக்கொண்டு, அரங்கத்திலேயே அதிகமாக அவள்தான் தட்டினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், அந்த மோதலில்தான் தங்கம் உருவாகிறது என்று சொன்னேன். கம்மலைத் தொட்டுப் பார்த்தாள். “இதை மொதல்லயே சொல்லியிருந்தா முழிச்சிட்டு இருந்திருப்பேன்ல,” என்றாள்.

ஆனால் ஒன்றை அவளிடம் நான் சொல்லவில்லை. அத்தனை வருடத்தில் நியூட்ரான் நட்சத்திர மோதல் எதுவும் நான் பணியில் இருந்த நேரத்தில் வந்ததே இல்லை. மற்றவர்கள் பிடித்ததை வாங்கித்தான் நான் ஆராய்ந்துகொண்டிருந்தேன். வெளியே சிரித்துக்கொண்டாலும் உள்ளே அது உறுத்தும்.

பந்தக்கால்

டிடெக்டர்கள் இராப்பகலாக ஓடும். கம்ப்யூட்டர் தானாகவே தேடும், சந்தேகமில்லாமல் கிடைத்தால் தானாகவே அறிவிக்கும். சந்தேகம் வந்தால் ஷிப்டில் இருக்கும் இரண்டு பேர் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். அவரவர் இருக்கும் இடத்திலிருந்தே செய்யலாம், இன்டர்நெட் இருந்தால் போதும். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் உலகத்துத் தொலைநோக்கிகளுக்குச் செய்தி போகும். ஒரு மணி நேரத்துக்குள் முடிவாகவில்லை என்றால் மறுநாள் பார்ப்பவர்களின் வரிசையில் போய் நிற்கும்.

அன்று மத்தியானத்திலிருந்து என் ஷிப்ட். அக்கா வீட்டில் நல்ல பிராட்பேண்ட் இருந்தது. அது போதும் என்று வந்துவிட்டேன். காலையில் பக்கத்தில் அன்னதானப் பந்தல் போட வந்தவர்கள், பந்தக்காலுக்குக் கடப்பாறையால் குழி தோண்டி, தெருவின் கேபிளை ஒரே போடாகப் போட்டுவிட்டார்கள். கேபிள்காரருக்குப் போன் செய்தால், “பௌர்ணமிம்மா. வண்டியே வராது. நாளைக்குத்தான்,” என்றார். செல்போனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அத்தனை ஜனத்தின் போனும் ஒரே டவரில் தொங்கினால் என்ன கிடைக்கும்? மெசேஜ் எப்போதாவது ஒன்று வழுக்கி விழும்.

சாயங்காலம் நாலு மணி வாக்கில் அப்படித்தான் ஒன்று விழுந்தது. ‘ஒரு டிடெக்டரில் பலமான அலை. இரண்டாவதில் இரைச்சல். மனிதர் பார்க்கவும்.’ கீழே எடைக் கணக்கு. இரண்டுமே நியூட்ரான் நட்சத்திர எடை. படித்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, சிக்னலுக்காக வாசலுக்கு ஓடினேன்.

உடனே போன் வந்தது. யோஹான், அன்று என்னோடு ஷிப்டில் இருந்த நெதர்லாந்துக்காரர். ஆங்கிலத்தில், விட்டுவிட்டுக் கேட்டது.

“இரண்டாவது டிடெக்டரில் பெரிய வெடிச் சத்தம் மட்டும்தான் இருக்கிறது. அது இல்லாமல் வானத்தில் எந்தத் திசை என்றே சொல்ல முடியாது. நான் இரைச்சல் என்று முடித்துவிடவா?”

“வேண்டாம். சத்தத்தை வெட்டிவிட்டுப் பார்க்கலாம். நான் செய்கிறேன். கொஞ்சம்...”

லைன் போய்விட்டது.

அந்த மாதிரி மோதலில் முதலில் எழும் நீல ஒளி ஒரு நாளுக்குள் மங்கிவிடும். மறுநாள் வரிசையில் நின்றால் ஒளி போச்சு. ஒளி போனால் எந்த இடம், எவ்வளவு தூரம், எதுவும் தெரியாது. நான் அத்தனை வருடம் காத்திருந்தது இரைச்சல் என்ற பெயரில் குப்பைக்குப் போய்விடும். லேப்டாப்பை மார்போடு கட்டிக்கொண்டு வாசலில் நின்று அழ ஆரம்பித்துவிட்டேன்.

சித்தர்கள் நடக்கிற பக்கம்

அக்கா ஓடி வந்தாள். “யாருக்குடி இன்னா ஆச்சு?”

சொன்னேன். பாதி புரிந்திருக்கும். “நெட்டு எங்க கிடைக்கும்? அதைச் சொல்லு மொதல்ல.”

“நிருதி லிங்கம் தாண்டி ஏழுமலை கஃபே. அங்க தனி லைன்.”

ஆசிரமத்துப் பக்கம் இருந்த கஃபேக்கள் இப்போது கிரிவலப் பாதை வரைக்கும் நீண்டுவிட்டன. ஏழுமலை வேங்கிக்கால்காரர், வெளிநாட்டுக்காரர்களுக்குக் காபி போட்டுப் பிழைப்பவர். ஊருக்கு வரும்போதெல்லாம் அங்கே போய் உட்காருவது என் வழக்கம்.

அக்கா முகம் மாறியது. “அது எதிர்ல போற மாதிரிடி.”

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மலையை வலமாகத்தான் சுற்ற வேண்டும். எங்கள் ஊரில் பௌர்ணமியன்று எதிர்த்திசையில் நடப்பதை யாரும் கனவிலும் நினைக்க மாட்டார்கள். ஜனத்தோடு சேர்ந்து வலமாகவே போனால் டவுனைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர இருட்டிவிடும். பாதையில் வண்டி விட மாட்டார்கள். ஊருக்குள் புகுந்து சுற்றிப் போகலாம் என்றால், இருந்த ஒரு பைக்கையும் அக்கா வீட்டுக்காரர் கலெக்டர் ஆபீஸ் டியூட்டிக்கு எடுத்துப் போயிருந்தார்.

“நான் மட்டும் போறேன்க்கா.”

“நீ மட்டும் போனா ஜனம் உன்னைத் தள்ளிட்டு வந்து இங்கயே விட்டுடும். இரு.”

கடையின் தார்ப்பாயை இழுத்து மூடினாள். மாதத்திலேயே வியாபாரம் ஜாஸ்தியான நாள். செருப்பைக் கழற்றி எறிந்தாள்.

கிரிவலம் போகிறவர்கள் பாதையின் இடது ஓரமாகத்தான் நடப்பார்கள். மலையை ஒட்டிய வலது பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் சித்தர்களும் தேவர்களும் நடக்கிற இடம் என்று அதை விட்டுவிடுவார்கள். ராத்திரிக் கூட்டத்தில் அதெல்லாம் நிற்காது. சாயங்காலத்தில் கூட்டம் கொஞ்சம் கம்மி, அந்த ஓரம் ஒற்றையடி அகலத்துக்குக் காலியாக இருந்தது. அக்கா எத்தனையோ பௌர்ணமி சுற்றியவள், ஒருநாளும் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. மலையைப் பார்த்துக் கைகூப்பினாள்.

“சாமிங்களே, சித்தருங்களே, கொஞ்சம் ஒதுங்கிக்குங்க. என் தங்கச்சிக்கு அவசரம். பாவம் எதுனா இருந்தா என் கணக்குல எழுதிக்குங்க.”

அப்புறம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிர்த்திசையில் நடந்தாள்.

நடையா அது, ஓட்டம். வருண லிங்கம் தாண்டுவதற்குள் எத்தனை வசவு! “யம்மா, இன்னா எதிர்ல வர்றீங்க? அறிவில்ல?” “சாமி குத்தம் ஆயிடும்மா!” அக்கா எதற்கும் அசரவில்லை. “ஆஸ்பத்திரி கேசு! வழி விடுங்க!” என்று கத்திக்கொண்டே போனாள். தெலுங்குக் கூட்டம் வந்தால், “ஜருகண்டி, ஜருகண்டி!”

“எதுக்குக்கா பொய் சொல்ற?”

“ரெண்டு நட்சத்திரம் முட்டிக்கிச்சு, வழி விடுன்னு சொன்னா எவன்டி விடுவான்?”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மூச்சு இரைத்தது. லேப்டாப் பை இடுப்பில் இடித்துக்கொண்டே இருந்தது.

பாஸ்வேர்டு

கஃபேயில் உட்கார இடமில்லை. மேஜைக்கு மேஜை வெளிநாட்டுக்காரர்கள், கையில் போன். ஏழுமலை கையை விரித்தார்.

“லைன் இருக்குதுங்க. ஆனா இத்தனை பேரும் அதுலதான் தொங்குறாங்க. வீடியோ கால் வேற. நத்தை மாதிரி போவுது.”

“ஏழுமலை, என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு,” என்றேன். நாடகம்போலத் தெரியலாம். அப்போது அப்படித்தான் வாயில் வந்தது.

அவர் கல்லாவுக்குப் பின்னால் போய் என்னமோ தட்டினார். கஃபேயில் இருந்த அத்தனை தலைகளும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன.

“பாஸ்வேர்டை மாத்திட்டேன். புதுசு உங்களுக்கு மட்டும்,” என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

முணுமுணுப்பு கிளம்பியது. அக்கா நடுவில் போய் நின்றாள். “மை சிஸ்டர். ஸ்டார். டூ ஸ்டார். டிஷ்யூம்!” என்று இரண்டு முஷ்டியையும் மோதிக் காட்டினாள். “ஒன்லி லிட்டில் டைம்.” நரைத்த சடை போட்ட ஒரு பெண்மணி, எல்லாம் விளங்கியதுபோலக் கண்ணை மூடித் தலையாட்டினார். மற்றவர்களும் போனைக் கவிழ்த்து வைத்தார்கள்.

டிடெக்டர் பதிவுகளின் படம் திறந்தது. முதல் டிடெக்டரில் சந்தேகமே இல்லை. கீழே ஆரம்பித்து மெல்ல மெல்ல உயர்ந்து, கடைசியில் சட்டென்று மேலே ஏறும் மெல்லிய கோடு. இரண்டாவதில் அந்த வெடிச் சத்தம், திரையின் மேலிருந்து கீழ்வரை ஒரு பெரிய வெள்ளைக் கறையாக. யோஹானைக் குறை சொல்ல முடியாது. யார் பார்த்தாலும் இரைச்சல் என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் நியூட்ரான் நட்சத்திர அலை அவசரமாக வந்து போவதில்லை. ஒரு நிமிடத்துக்கும் மேல் நீளும். கறையோ கண் இமைக்கும் நேரம்தான். கறையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை ஒட்டவைத்து ஓட்டினேன். இத்தனை வருடம் பெருக்கிய கை, தானாக வேலை செய்தது.

படம் மறுபடி வந்தபோது, கறை இருந்த இடத்தின் இரு பக்கமும் அதே கோடு. மங்கலாக, ஆனால் அதே வளைவு, அதே நேரம். திசைக் கணக்கும் வந்துவிட்டது. மேற்கு வானத்தில் சிறிய ஒரு பகுதி. நிலாவை விட்டு வெகு தூரம், பிழைத்தோம்.

‘உண்மை’ என்ற பொத்தானின் மேல் விரல் நின்றது. அழுத்த வரவில்லை.

கொஞ்ச காலத்துக்கு முன் வேறு இரண்டு பேர் அவசரப்பட்டு வெறும் இரைச்சலை அறிவித்துவிட்டார்கள். உலகத்துத் தொலைநோக்கிகளெல்லாம் திரும்பி, ஓர் இரவு முழுக்க வீணாகி, இன்றைக்கும் கூட்டங்களில் அவர்கள் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

“இன்னாடி, சந்தேகமா?” என்றாள் அக்கா.

“இல்லக்கா. நிஜம்தான்.”

“அப்புறம் இன்னா?”

“தப்பாப் போச்சுன்னா எல்லாரும் சிரிப்பாங்க.”

“காலையில இருந்து ஊரே உன்னைப் பாத்துச் சிரிக்குது. செத்தா போய்ட்ட? அமுக்குடி!”

அமுக்கினேன். படத்தை யோஹானுக்கும் அனுப்பினேன். பிறகு ஒரே வரி வந்தது. ‘கடவுளே, இதோ இருக்கிறது. நானும் ஒத்துக்கொள்கிறேன்.’ செய்தி உலகத்துக்குப் போயிற்று.

காத்திருந்தோம்

ஏழுமலை மற்றவர்களுக்கும் பாஸ்வேர்டைத் திருப்பிக் கொடுத்தார். யாரும் வீடியோ கால் போடவில்லை என்பதை நன்றியோடு சொல்கிறேன். அக்கா ஒரு காப்புச்சினோ வாங்கி, “நுரைக்கா இவ்ளோ காசு?” என்று அலுத்துக்கொண்டே குடித்தாள். கடை மூடிக் கிடக்கிறது, நீ போ என்றேன். “முடிவு தெரியாம எவ போவா?” என்று நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பாதையில் அரோகரா சத்தம் கூடிக்கொண்டே போயிற்று.

ஆஸ்திரேலியாவில் அப்போது இருட்டிவிட்டிருந்தது. அந்தத் திசை அடிவானத்தில் இறங்குவதற்குள் அவர்கள் பார்த்தாக வேண்டும். ஒவ்வொரு தொலைநோக்கியாகச் செய்தி வந்தது. ஒன்றும் இல்லை. மேகம். ஒன்றும் இல்லை. என் உள்ளங்கை வியர்த்து வழிந்தது. அக்கா தன் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள்.

அடுத்த செய்தியில் ஒரு படம் இருந்தது. மங்கலான ஒரு விண்மீன் மண்டலம். அதன் ஓரத்தில் நீலமாக ஒரு புள்ளி. பக்கத்திலேயே பழைய படம், அதில் அந்தப் புள்ளி இல்லை.

நாற்காலியை விட்டு எழுந்து அக்காவைக் கட்டிக்கொண்டேன். என்னை அறியாமல் கத்தியும் விட்டேன்போலிருக்கிறது, கஃபே முழுக்கக் கைதட்டியது. பெருமையாக இருந்தது. இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது, சொல்லவும் விருப்பமில்லை. உலகத்தில் யாருக்கும் தெரியாமல் கறைக்குள் கிடந்ததை நான் எடுத்தேன். அதன் கடைசிப் பகுதியை வைத்துத்தான் பிற்பாடு அந்த நட்சத்திரங்களின் பதத்தைச் சொன்னோம். நினைத்ததைவிடத் தளர்வு கம்மி.

அக்கா திரையில் அந்தப் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

“இது எப்ப மோதிச்சு? நாலு மணிக்கா?”

“இல்லக்கா. பல கோடி வருஷத்துக்கு முன்னாடி. அலை இன்னிக்குத்தான் இங்க வந்து சேந்துச்சு.”

அவள் விரலை எடுத்துவிட்டு என்னை முறைத்தாள்.

“கோடி வருஷமா? அடிப்பாவி! இப்பதான் மோதிச்சுன்னு நினைச்சில்ல இந்த ஓட்டம் ஓடியாந்தேன்! கோடி வருஷம் பொறுத்தது இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்காதா?”

“வர்றதுக்குத்தான்க்கா கோடி வருஷம். கடந்து போறதுக்கு ஒரு நிமிஷம்தான், வெளிச்சம் மங்கறதுக்கு ஒரு நாள்தான். அந்த நேரத்துக்கு யாராவது முழிச்சிருந்து பாக்கணும்ல?”

அக்கா யோசித்தாள். தூசி படிந்து கன்றிப்போயிருந்த பாதங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, கஃபேயில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“பாத்துட்டோம்ல?”

“பாத்துட்டோம்க்கா.”